செட்டிநாட்டு வீட்டை விருந்தினருக்கு விடுவோர் கேட்பவை: இருக்கிற வீட்டை இருக்கிறபடி எழுதுவது

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீட்டில் இரண்டு மூன்று அறைகளைச் சரிசெய்து, ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம், மேக்மைட்ரிப் போன்ற தளங்களில் போடுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதி, வாடகை எவ்வளவு வைக்கலாம் என்பது. மீதிப் பாதி, வந்தவர் ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார் என்பது. இந்தப் பக்கம் அந்த மீதிப் பாதிக்கு.

வீடு இவ்வளவு அழகாக இருக்கிறது. பிறகும் ஏன் "படத்தில் பார்த்ததுபோல் இல்லை" என்கிறார்கள்?

படத்தில் நீங்கள் காட்டியது வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தூண் வைத்த பத்தியும். அவர் படுத்தது வளவை ஒட்டிய அறையில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சண்டையும் வருகிறது.

இந்த வீடுகள் கட்டப்பட்ட விதமே அப்படி. முகப்பும் அதையடுத்த பட்டாலை என்ற கூடமும் வந்தவர்கள் கண்ணுக்கு. வளவு கல்யாணத்துக்கும் சடங்குக்கும். வளவைச் சுற்றியுள்ள சிறு அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. அந்த அறைக்குள் சீர் சாமானும் பெட்டியும் இருக்கும். மனிதர்கள் பெரும்பாலும் பத்தியில்தான் உட்கார்ந்தார்கள், பத்தியில்தான் படுத்தார்கள். காற்றும் வெளிச்சமும் முற்றத்துக்கு, பாதுகாப்பு அறைக்கு. அந்தக் குடும்பத்துக்கு அது சரியான கணக்கு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர் தூண் வரிசையைப் பார்த்துவிட்டு, அதே அளவுக்கு அறையையும் மனதில் கட்டிக்கொண்டு வருகிறார். கதவைத் திறந்ததும் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், நடக்க மூன்றடி. அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுதவேண்டியதை எழுதாமல் விட்டவர் நீங்கள்.

அப்படியானால் விவரிப்பை எதில் தொடங்குவது?

அறையில். முகப்பில் அல்ல. விருந்தினர் பணம் கொடுப்பது அறைக்கு. மற்றவை அதோடு கிடைப்பவை.

பெரும்பாலும் கண்ணில் படுவது இப்படி: "நூறாண்டு கடந்த கம்பீரமான மாளிகையில் ராஜ வாழ்க்கையை அனுபவியுங்கள்." இதில் ஒரு தகவலும் இல்லை. இப்படி மாற்றலாம்:

"வளவை ஒட்டிய, குளிர்சாதன வசதியுள்ள 2 அறைகள். ஒவ்வொன்றும் 10-க்கு 9 அடி. ஒரே ஜன்னல், அது வளவுப் பத்தியைப் பார்த்தது. குளியலறை அறைக்குள் இல்லை. முற்றத்தைத் தாண்டி 20 தப்படியில், உங்களுக்கு மட்டும். வளவு, முகப்பு, மாடி எல்லாம் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். வீட்டின் மேற்குப் பக்க அறைகள் பங்காளிகளுடையவை, பூட்டியிருக்கும்."

படிப்பதற்கு இது கவிதையாக இல்லைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு வருகிறவர் கதவைத் திறக்கும்போது ஆச்சரியப்படமாட்டார். வளவில் வந்து நிற்கும்போது ஆச்சரியப்படுவார். நமக்கு வேண்டியது அந்த வரிசைதான்.

பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்றெல்லாம் எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியுமா?

எழுதுங்கள், ஆனால் முதல் முறை வரும்போது கூடவே ஒரு வாக்கியம் சேருங்கள். "வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண் வைத்த பத்தியும்." "இரண்டாங்கட்டு, பழைய சாப்பாட்டுக் கூடம். காலைப் பலகாரம் இங்கேதான் பரிமாறுவோம்." அவ்வளவு போதும்.

வரிசையும் முக்கியம். தெருவிலிருந்து விருந்தினரின் கால் எந்த வழியில் போகுமோ அந்த வழியில் எழுதுங்கள்: திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, அறை, குளியலறை, இரண்டாங்கட்டு, பின்கட்டு, தோட்டம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும். இது எனக்கு மட்டுமா, பிறரோடு பகிர்வதா, போகவே கூடாததா? சாமி வீடு மூன்றாம் வகை என்றால் அதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். செருப்பு எங்கே கழற்றவேண்டும் என்பதும் இதில் சேரும்; பலர் இதைச் சுவரில் எழுதி ஒட்டுகிறார்கள், விவரிப்பில் விட்டுவிடுகிறார்கள்.

அறையின் அளவை எப்படிச் சொல்வது?

நீள அகலமாக, அடிக் கணக்கில். "விசாலமான", "கச்சிதமான" என்பதெல்லாம் அளவு ஆகாது. சதுர அடி மட்டும் சொன்னாலும் போதாது. 160 சதுர அடி என்பது ஒரே அறையாகவும் இருக்கலாம், வெளியறை, உள்ளறை என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் 'இரட்டை வீடா'கவும் இருக்கலாம். வெளியறை 10-க்கு 9, உள்ளறை 8-க்கு 9 என்றால் கூட்டினால் 162 வரும். ஆனால் கட்டில் போட்டிருப்பது ஒன்றில்தான். உள்ளறைக்கு ஜன்னலே இல்லாமல் இருப்பதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

அளக்கும்போது சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளக்கவேண்டும். பழைய சுவர் இரண்டடி கனம் கூட இருக்கும். வெளிமுகத்தில் அளந்தால் இல்லாத இடமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். பத்தியைச் சேர்க்காதீர்கள். அடுக்குமாடி விற்கிறவர்களுக்கே 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்று வரையறுத்து, வெளிச்சுவர், பால்கனி, வராந்தா, திறந்த மாடி எல்லாவற்றையும் அதிலிருந்து கழித்திருக்கிறது. அந்தச் சட்டம் உங்கள் வீட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஃப்ளாட் வாங்கிய விருந்தினருக்கு அந்தக் கணக்குதான் பழக்கம்.

கட்டிலின் அளவு இன்னும் பயனுள்ள தகவல். கிங் என்றால் 6 அடி அகலம், குயின் என்றால் 5 அடி. 4 அடி பழைய கட்டிலை "டபுள் பெட்" என்று போட்டுவிட்டு, தேக்கில் செய்தது என்று சமாதானம் சொல்லமுடியாது. 10-க்கு 9 அடி அறையில் கிங் கட்டில் போட்டால் பக்கவாட்டில் மொத்தம் 3 அடியும் கால்மாட்டில் மூன்றரை அடியும் மிஞ்சும். இரண்டு பெரிய சூட்கேஸ் அதில் திறக்க முடியுமா என்று நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். முடியாவிட்டால், "பெட்டிகளை வெளிப் பத்தியில் வைக்கத் தனி அலமாரி உண்டு" என்று எழுதி, அலமாரியும் வையுங்கள்.

நிலையின் உயரத்தை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. பழைய உள்கதவுகள் பல ஐந்தரை அடிதான். ஆறடி ஆள் முதல் நாள் இரவே நெற்றியில் வாங்கிக்கொள்கிறார். ஒரு வரி போதும்.

"அட்டாச்டு பாத்ரூம்" என்று எப்போது போடலாம்?

அறைக் கதவைத் திறக்காமல் போகமுடிந்தால் மட்டும்.

இந்த ஒன்றில்தான் அதிக வம்பு, அதனால் கொஞ்சம் விரிவாக. பழைய வீட்டில் குளியலறை பின்கட்டிலோ தோட்டத்திலோ இருந்தது. இப்போது மூன்று விதமாகச் சரிசெய்திருப்பார்கள். ஒன்று, இரட்டை வீட்டின் உள்ளறையையே குளியலறையாக்கியது. இது உண்மையிலேயே அட்டாச்டு. இரண்டாவது, பத்தியின் ஓரத்தில் தடுப்பு வைத்துப் புதிதாகக் கட்டியது. இதை "அறைக்கு வெளியே, தனி உபயோகத்துக்கு" என்று எழுதவேண்டும். மூன்றாவது, பின்கட்டில் இரண்டு அறைக்கும் பொதுவாக ஒன்று. இதைப் "பொதுக் குளியலறை" என்றே எழுதவேண்டும். எத்தனை அறைக்குப் பொது என்றும் சொல்லவேண்டும்.

"பிரைவேட் பாத்ரூம்" என்று மொட்டையாகப் போடுவது பல தளங்களில் நடக்கிறது. சட்டப்படி அது தப்பில்லை என்று வாதாடலாம்; ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் முற்றத்தைச் சுற்றிப் போகிற அறுபது வயது அம்மாவிடம் வாதாட முடியாது. தூரத்தைச் சொல்லுங்கள், கூரை உண்டா என்று சொல்லுங்கள், இரவு விளக்கு எரியுமா என்று சொல்லுங்கள்.

மற்றவை: வெஸ்டர்னா இந்தியனா, கீசர் எத்தனை லிட்டர், ஷவரா, வாளி சொம்பா, குளிக்கும் இடமும் கழிப்பிடமும் ஒரே ஈரத் தரையா, பிரித்திருக்கிறதா, தண்ணீர் உப்பா. 3 லிட்டர் கீசரை வைத்துக்கொண்டு "24 மணி நேர வெந்நீர்" என்பது, அடுத்தடுத்து நான்கு பேர் குளிக்கும் வீட்டில், நாமே வைத்துக்கொள்ளும் வினை. "ஒரு வாளி முடிந்து அடுத்த வாளிக்கு ஐந்து நிமிடம் பொறுக்கவேண்டும்" என்று நேராக எழுதினால் யாரும் கோபப்படுவதில்லை.

பங்காளிகளின் பூட்டிய அறைகளைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அது குடும்ப விஷயம் இல்லையா?

பாகப் பிரிவினை குடும்ப விஷயம். பூட்டு விருந்தினரின் கண்ணில் படுகிற விஷயம். வளவைச் சுற்றிப் பத்துக் கதவு இருந்து எட்டில் பூட்டுத் தொங்கினால், உள்ளே யார் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று யாருக்கும் மனம் ஓடும். அதிலும் தனியாக வருகிற பெண்களுக்கு. "இவை குடும்பத்தின் மற்றக் கிளையினருடைய அறைகள், அவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்வோம்" என்ற மூன்று துண்டு வாக்கியத்தில் விஷயம் தீர்ந்தது. யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் வேண்டாம்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் மொத்தமாக வந்து இறங்கும் நாட்களில் அறையை விடவே விடாதீர்கள், நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள். "விருந்தினர் நம் சடங்கைப் பார்த்து ரசிப்பார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். ரசிப்பவரும் உண்டு. தூங்க வந்தவரும் உண்டு.

இன்னொன்று. பொதுவான வளவையும் முகப்பையும் படம் எடுத்துப் போடுவதற்கும், விருந்தினரை அங்கே உட்காரவைப்பதற்கும் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லாத இடத்தை விவரிப்பில் காட்டிவிட்டு, ஒருவர் வந்து கூடாது என்று நின்றால், நீங்கள் இல்லாத இடத்தை விற்றவர் ஆகிவிடுவீர்கள்.

"முழு வீடு" என்று போட்டால் நல்ல வாடகை வருகிறது. போடலாமா?

ஏர்பிஎன்பியில் முழு இடம், தனி அறை, பகிர்வு அறை என்று வகைகள் இருக்கின்றன. முழு இடம் என்றால் அங்கே வேறு யாரும் குடியிருக்கவோ தங்கவோ கூடாது என்றுதான் விருந்தினர் நினைப்பார். பின்கட்டில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது, மாடியில் பெரியப்பா இருக்கிறார் என்றால் அது தனி அறை வகை. இரண்டு அறையையும் ஒரே குடும்பத்துக்கு விட்டாலும் அப்படித்தான்.

ஒரே ஒரு சாமர்த்தியம் நியாயமானது: வீட்டின் ஒரு பகுதிக்குத் தனி வாசல், தனி முற்றம், தனி குளியலறை இருந்து, இடைக்கதவை உங்கள் பக்கம் பூட்டமுடியும் என்றால், அந்தப் பகுதியை முழு இடமாகப் போடலாம். அப்போதும் "பெரிய வீட்டின் கிழக்குப் பகுதி" என்பது தலைப்பிலேயே வரவேண்டும்.

மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது உரிமையாளரின் குடும்பம் உடன் குடியிருக்கும் வீட்டுக்கானது, தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். ஆள் இல்லாத வீட்டை மேனேஜரிடம் ஒப்படைத்துவிட்டு "ஹோம்ஸ்டே, வீட்டுக்காரரோடு தங்குங்கள்" என்று எழுதாதீர்கள். ஆச்சியோடு பேசலாம், சமையல் கற்கலாம் என்று வந்தவர்களுக்குச் சாவியை மட்டும் கொடுத்தால் எப்படி?

எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதுவது?

கட்டிலில் எத்தனை பேரோ அத்தனை. பாய், தரை மெத்தை தனியாக: "2 பெரியவர்கள் கட்டிலில், கூடுதலாக ஒருவருக்குத் தரை மெத்தை, கட்டணம் இவ்வளவு." வளவில் வரிசையாகப் பாய் விரித்தால் நாற்பது பேர் படுக்கலாம்தான். இரண்டு கழிப்பறை இருக்கும் வீட்டில் நாற்பது பேரைக் காலை ஏழு மணிக்குக் கற்பனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதில் என்ன கவனிக்கவேண்டும்?

செல்போனில் 0.5 என்று ஒரு வசதி இருக்கிறது. வளவுக்கு அது வேண்டும். வேறு வழியில் அவ்வளவு பெரிய இடம் படத்தில் அடங்காது. அறைக்கு வேண்டவே வேண்டாம். 0.5-இல் எடுத்த பத்தடி அறை பதினெட்டடி போல் விரியும், கட்டில் நீண்டு ஓடம்போல் ஆகிவிடும். சாதாரண 1-இல், நெஞ்சுயரத்தில், வாசற்படியில் நின்று எடுங்கள். முழு அறையும் விழவில்லை என்றால் இரண்டு படமாகப் போடுங்கள். விழவில்லை என்பதே ஒரு தகவல்.

கட்டாயம் வேண்டிய படங்கள், யாரும் ஆசைப்பட்டு எடுக்காதவை: குளியலறைத் தரை, அறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி, மாடிப்படி, கீழிருந்தும் மேலிருந்தும், பகலில் விளக்குப் போடாமல் அறை, ஜன்னலைத் திறந்தால் தெரிவது, கார் நிற்கும் இடம். அறைப் படத்துக்குப் பளிச்சென்று வெளிச்சம் ஏற்றித் திருத்துவதை விட்டுவிடுங்கள். இருட்டான அறை என்றால் இருட்டு தெரியட்டும். பித்தளை உருளியில் பூ மிதக்கவிட்டு எடுத்த படத்தைப் போட்டால், அந்த உருளி எல்லா விருந்தினர் வரும்போதும் பூவோடு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறார்கள், சத்தியமாகக் கேட்கிறார்கள்.

கையால் வரைந்த வரைபடம் ஒன்றும் படங்களோடு சேருங்கள். இந்த வீடுகளைப் படங்களை மட்டும் வைத்து யாராலும் மனதில் ஒட்டவைக்க முடியாது. எந்தத் தூண் எந்தத் தூணுக்கு எதிரில் என்பதே குழப்பம். கோடு போட்ட தாளில் முன்வாசல், முற்றம், உங்கள் அறை, குளியலறை, பூட்டிய பக்கம் என்று ஐந்து பெயர் எழுதினால் முக்கால்வாசிக் கேள்வி நின்றுவிடும்.

வெயில், இருட்டு, சத்தம் இதையெல்லாமுமா எழுதுவது?

இவைதான் படத்தில் தெரியாதவை.

சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பது உண்மை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வெளியே அனல் அடிக்கும்போது வளவுப் பத்தியில் உட்காரமுடியும் என்பதும் உண்மை. ஆனால் ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறை அப்படி இல்லை. அது மாலையில்தான் கொதிக்கும். "இயற்கையாகவே குளிர்ச்சி, ஏசி தேவையில்லை" என்று மொத்த வீட்டுக்கும் எழுதுவது தப்பு. கீழறைக்கு ஒரு வரி, மேலறைக்கு ஒரு வரி.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால் முற்றத்தில் தண்ணீர் விழுவதே ஒரு காட்சி. அதே நேரம் பத்தியின் ஓரத் தளம் வழுக்கும், துணி காயாது, சுண்ணாம்பு வாடை வரும். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து எழுதுங்கள்.

சத்தம்: மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். புறா தூணுச்சியில் முனகும். மயில் அகவும், மாடியில் படுத்தவருக்கு அது காதுக்குள் கேட்கும். முற்றம் திறந்திருப்பதால் ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் தெளிவாகக் கேட்கும். பத்திரிகைக்கு நேர்காணல் கொடுக்கிறவர்கள் "அமைதி தவழும் கிராமம்" என்று சொல்லிக்கொள்ளட்டும். நீங்கள் மணியைச் சொல்லுங்கள்: "மார்கழி மாதம் முழுவதும் காலை நாலரை மணிக்குக் கோயில் பாட்டு கேட்கும்."

பல்லி, அணில், எப்போதாவது வவ்வால் உண்டு. வானம் பார்த்த முற்றம் உள்ள வீட்டில் இவை வராமல் இருக்காது. எழுதிவிடுங்கள், ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் வலை இருந்தால் அதையும்.

வைஃபை, ஏசி, கரண்ட்?

வைஃபை முகப்பில் கிடைத்து அறையில் கிடைக்காது என்றால் அப்படியே எழுதுங்கள். அந்தச் சுவரைத் தாண்டி சிக்னல் வராது. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து வேகத்தைச் சோதித்து அந்த எண்ணைப் போடுங்கள், ரூட்டர் பக்கத்தில் நின்று அல்ல. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் எது ஓடும், எது ஓடாது என்பதற்கு ஒரு வரி.

வயதானவர்கள், குழந்தைகள் வந்தால்?

தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா, ஒவ்வொரு நிலைப்படியும் எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். பட்டாலை ஒரு மட்டம், வளவுப் பத்தி இன்னொரு மட்டம், முற்றம் அதற்கும் கீழே. சக்கர நாற்காலி வாசலோடு நின்றுவிடும். "சக்கர நாற்காலிக்கு வசதி இல்லை" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. "எல்லோருக்கும் ஏற்றது" என்று டிக் அடிப்பதில்தான் வெட்கம்.

குழந்தைகளுக்கு: முற்றத்து விளிம்பில் தடுப்பு இல்லை, மாடிக் கைப்பிடி இடைவெளி அகலம், தோட்டத்தில் கிணறு இருக்கிறது, அதற்கு மூடி உண்டு அல்லது இல்லை. மூடி இல்லை என்றால் முதலில் மூடி போடுங்கள். அதன்பிறகு எழுதலாம்.

சமையலறையைப் பயன்படுத்தலாம் என்று எழுதலாமா?

அடுப்படியில் உங்கள் சமையல்காரர் வேலை செய்கிறார் என்றால், விருந்தினருக்கு அது இல்லை. "டீ போட, பால் காய்ச்ச இரண்டாங்கட்டில் மின்சார அடுப்பும் சிறிய ஃபிரிட்ஜும் உண்டு, சமைக்க வசதி இல்லை" என்பது தெளிவு.

சாப்பாடு விஷயத்தில் இவ்வட்டாரத்துக்கே உரிய எதிர்பார்ப்பு ஒன்று இருக்கிறது. செட்டிநாடு என்றதும் கோழி வறுவலும் நண்டும் தட்டில் வரும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். உங்கள் வீட்டில் சைவம் மட்டும் என்றால் அது அடியில் பொடி எழுத்தில் போகக்கூடாது, முதல் ஐந்து வரிக்குள் வரவேண்டும். எத்தனை மணிக்குள் சொன்னால் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும், எது வாடகையில் சேர்ந்தது, எதற்குத் தனி என்பதும் அதோடு. வெள்ளைப்பணியாரமும் கந்தரப்பமும் தினமும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சமையல் ஆச்சி ஒருநாள் ஊருக்குப் போனால் உங்கள் வாக்கும் கூடவே போய்விடும்.

அரண்மனை, பர்மா தேக்கு, யுனெஸ்கோ என்றெல்லாம் போடுகிறார்களே?

கானாடுகாத்தானில் அரண்மனை என்றால் ஊருக்கே தெரிந்த ராஜா வீடு ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டை "செட்டிநாட்டு அரண்மனை" என்று எழுதினால், அதில்தான் தங்கப்போகிறோம் என்று நம்பி வருகிறவர் இருப்பார்.

யுனெஸ்கோ விஷயத்தில் விளையாடவே கூடாது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதாக ஆகாது. தனித்தனி வீட்டுக்குக் கொடுத்த பட்டமும் ஆகாது. "யுனெஸ்கோ பாரம்பரிய வீடு" என்பது பொய். வெளிநாட்டு விருந்தினர் பலர் அதைத் தேடிப் பார்த்துவிட்டே வருகிறார்கள்.

தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு: எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தைச் சொல்லி எழுதுங்கள். "வளவுத் தூண்கள் தேக்கு, அறைத் தரையில் 2015-க்குப் பிறகு போட்ட டைல்ஸ்" என்று எழுதுகிற ஆளை நம்பத் தோன்றும். ஆண்டு, முகப்பில் பொறித்திருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் "மூன்று தலைமுறைக்கு முந்தையது" போதும். நூற்று ஐம்பது, இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போக இது ஏலம் இல்லை.

மேப்பில் இடம் சரியாகத்தான் இருக்கிறது. வந்தவர் பின்வாசலில் போய் நிற்கிறார்.

இந்த வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. மேப் எந்தப் பக்கம் அருகிலோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும். ராத்திரியில் பூட்டிய பின்கதவுக்கு முன்னால் நின்று போன் அடிக்கிறார்கள். குறியை முன்வாசலில் வையுங்கள். தெருவின் பெயரையும், எதிரில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஒரே மாதிரித் தெருக்கள் நேர்கோட்டில் ஓடும் ஊரில் "மூன்றாவது பெரிய வீடு" என்பது வழி ஆகாது.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதோடு நேரத்தையும் சொல்லுங்கள். மதுரை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டோ ராத்திரி கிடைக்குமா, நடக்கும் தூரத்தில் கடை, ஏடிஎம் உண்டா என்பது கார் இல்லாமல் ரயிலில் வருகிறவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். "காரைக்குடியில்" என்று தலைப்பில் போட்டுவிட்டுக் கானாடுகாத்தானில் வீட்டைக் காட்டாதீர்கள்.

வீட்டைச் சுற்றிப்பார்க்க வெளியாட்கள் வருகிறார்கள், ஷூட்டிங்கும் நடக்கிறது. அதைச் சொல்லவேண்டுமா?

கட்டணம் வாங்கிக்கொண்டு பகலில் ஆட்களை விடுகிறீர்கள் என்றால், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எந்தப் பகுதிக்கு என்று சொல்லியே ஆகவேண்டும். லுங்கியோடு பத்தியில் காபி குடிக்கும் விருந்தினர், கையில் கேமராவோடு பதினைந்து பேர் வந்து நிற்பதை எதிர்பார்க்கமாட்டார். சினிமா, கல்யாண போட்டோ ஷூட் நாட்களில் அறை விடாமல் இருப்பதே நல்லது. முன்பே அறை கொடுத்திருந்தால், ஷூட்டிங் உறுதியான அன்றே தெரியப்படுத்தி, வேண்டாம் என்பவருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

விருந்தினரே ஷூட் செய்ய வந்தால் அதற்கான விதியையும் எழுதுங்கள். ஒரு அறை வாடகையில் மொத்த வளவையும் ஆறு மணி நேரம் பிடித்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பாதுகாப்புக்குக் கேமரா வைத்திருக்கிறோம்.

வீட்டுக்குள் இருந்தால் கழற்றுங்கள். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உள்கேமராவை உலகெங்கும் தடைசெய்துவிட்டது. வெளிக்கேமரா எங்கே என்று முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்பதும் அதன் விதி. வளவு மேலே திறந்திருக்கிறது, அதனால் வெளி என்று வாதாடாதீர்கள். படுக்கையறைக் கதவு திறக்கும் இடம் வெளியாகாது.

இவ்வளவு குறையையும் எழுதினால் யார் வருவார்கள்?

குறை என்று தனியாகப் பட்டியல் போட்டால் பயப்படுவார்கள். அந்தந்த இடத்தோடு சேர்த்து எழுதினால் பயப்படமாட்டார்கள். "மாடிப்படி செங்குத்தானது, ஏறிவிட்டால் ஊரின் ஓட்டுக்கூரைகள் முழுவதும் தெரியும்" என்பது முழங்கால் வலிக்காரரைத் தடுக்கும், மற்றவரை இழுக்கும். இரண்டும் உங்களுக்கு லாபம்.

சிலர் குறையையே பெருமைபோல் சொல்லி மழுப்புவார்கள்: இருட்டறைக்கு "இதமான சூழல்", கார் நுழையாத சந்துக்குப் "போக்குவரத்து இரைச்சல் இல்லாத இடம்". இதை விருந்தினர்கள் படித்துப் படித்துத் தேறிவிட்டார்கள். அடைமொழியைப் பார்த்ததுமே சந்தேகப்படுகிறார்கள்.

ஏர்பிஎன்பியில் விருந்தினர் மதிப்பெண் போடும் ஆறு இனங்களில் விவரிப்பின் துல்லியமும் ஒன்று. தூய்மை, செக்-இன், தொடர்பு, இருப்பிடம், விலைக்கேற்ற மதிப்பு ஆகியவை மற்றவை. வீடு சிறியது என்பதற்காக அங்கே மதிப்பெண் குறையாது. சிறியது என்று சொல்லாததற்குக் குறையும்.

சொல்லாமல் விட்டால் சட்டப்படி என்ன ஆகும்?

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவையைத் தவறாக விவரிப்பதையும், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னை விருந்தினர் சிவகங்கைக்கு அலையவேண்டியதில்லை, நீங்கள்தான் சென்னைக்குப் போகவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த அளவுக்குப் போவது அபூர்வம். தளத்தின் மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் வழக்கம். அப்போது தளம் முதலில் பார்ப்பது உங்கள் விவரிப்பைத்தான். "குளியலறை முற்றத்தைத் தாண்டி" என்ற வரி அங்கே இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். போனில் சொன்னேன், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடுவது கடினம்.

போனில் கேட்பவருக்கு என்ன சொல்வது?

எழுதியதையே சொல்லுங்கள். "அண்ணே, ரூம் பெருசா இருக்குமா?" என்று கேட்டால், "நல்லா இருக்குங்க" என்பது பதில் இல்லை. "பத்துக்கு ஒன்பதுங்க, கட்டில் போட்டது போக மூணடி இருக்கும். உட்கார வளவு இருக்கு" என்று சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிவருகிறோம் என்றால் படி எத்தனை என்று அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டால், அந்தப் பதில் விவரிப்பில் இல்லை என்று பொருள், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். ஆனால் இரண்டும் ஒன்றையே சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் "ஹெரிடேஜ் மேன்ஷன்" என்றும் தமிழில் "2 அறை மட்டும்" என்றும் இருந்தால் எது உண்மை என்று கேட்பார்கள்.

ஒருமுறை எழுதினால் போதாதா?

போதாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, கோடை தொடங்கும் முன் ஒரு தடவை விவரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலிருந்து தோட்டம்வரை நடந்து பாருங்கள். ஒழுகல் புதிதாக வந்திருக்கும், கீசர் மாறியிருக்கும், பக்கத்து மனையில் கட்டட வேலை ஆரம்பித்திருக்கும். கட்டட வேலை என்றால் எத்தனை மாதம் நடக்கும் என்று கேட்டு, முன்பே பதிந்தவர்களுக்கும் செய்தி அனுப்புங்கள். பங்காளி யாராவது மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால், மாடிப் படங்களை அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள்.